பிரிட்டன் விலகியும் வட மாசிடோனியாவுக்கு ஏன் இடம் கிடைக்கவில்லை?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 'காலி இடம்' என்று ஒன்று கிடையாது. இத்தனை நாடுகள்தான் என்ற வரம்பே இல்லாததால், 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் வெளியேறியதும் வட மாசிடோனியா ஏன் உள்ளே வரவில்லை என்ற உங்கள் கேள்விக்கு விடை வேறு இடத்தில் இருக்கிறது. புதிய நாட்டைச் சேர்க்க எல்லா உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டும். ஒன்று மறுத்தாலும் நின்றுவிடும்.

ஐரோப்பிய நாடாளுமன்றக் கணக்கைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பிரிட்டனின் 73 இருக்கைகளில் 27ஐப் பிற நாடுகளுக்குப் பிரித்துக் கொடுத்து, 46ஐ எதிர்கால விரிவாக்கத்துக்கு, அதாவது புதிய நாடுகளைச் சேர்ப்பதற்கு, என ஒதுக்கினார்கள். அது வெறும் நாற்காலிக் கணக்கு. உண்மையில் பிரிட்டன் போனது வேட்பாளர் நாடுகளுக்கு, அதாவது சேரக் காத்திருக்கும் நாடுகளுக்கு, இழப்பு. விரிவாக்கத்தை வலுவாக ஆதரித்த நாடு அது. ஒன்றியத்திடம் வாங்கியதைவிட அதிகம் கொடுத்த நாடும்கூட.

சரி, தேதிகளை வரிசையாக எழுதி, எதிரே தடுத்த நாட்டைக் குறித்துப் பாருங்கள். 2005இல் வேட்பாளர் தகுதி. பிறகு 'மாசிடோனியா' என்ற பெயரை மாற்று என்று கிரீஸ் தடுத்தது. 2019 பிப்ரவரியில் பெயரையே மாற்றினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பிரான்ஸ் மறுத்தது, அப்போது பிரிட்டன் இன்னும் உள்ளேதான் இருந்தது. 2020 நவம்பரில் மொழி, வரலாறு பற்றிய சச்சரவைச் சொல்லி பல்கேரியா தடுத்தது. சொந்தப் பெயரை விட்டுக்கொடுத்த மக்களை இப்படி வாசலிலேயே நிறுத்தியது பெரிய அநியாயம்.

ஆனால் எல்லாப் பழியையும் பிரெக்ஸிட் (பிரிட்டனின் விலகல்) மேல் போடாதீர்கள். அடுத்த ஐந்தாண்டு விரிவாக்கம் இல்லை என்று ஐரோப்பிய ஆணையத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற யுங்கர் 2014இலேயே சொல்லிவிட்டார்.