127.0.0.1-க்கு ஸ்டாட்டிக் ஐபி எதற்கு?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ரெடிமேட் கடை வைத்திருக்கிறேன். கல்லா சிஸ்டத்தில் பில்லிங் சாஃப்ட்வேர் பிரவுசரில் திறக்கிறது, மேலே 127.0.0.1:8080 என்று இருக்கும். மாடியில் ஸ்டாக் பார்க்கும் பையன் தன் சிஸ்டத்தில் அதையே அடித்தால் வருவதில்லை. இரண்டும் ஒரே வைஃபைதான். ஸ்டாட்டிக் ஐபி வாங்கி ரௌட்டரில் போர்ட் திறக்க வேண்டும், எட்டாயிரம் ஆகும் என்கிறார் சர்வீஸ்காரர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஸ்டாட்டிக் ஐபி என்பது வெளியுலகிலிருந்து கடையை அடைய இன்டர்நெட் கம்பெனி தரும் மாறாத முகவரி. கடைக்குள்ளேயே நடக்கும் வேலைக்கு அது எதற்கு? அட்வான்ஸ் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

127.0.0.1 உங்கள் கடைக்கென்று உள்ள முகவரி இல்லை. ‘நான்’ என்று சொல்வது போலத்தான் அது. கல்லா சிஸ்டம் சொன்னால் கல்லா, மாடி சிஸ்டம் சொன்னால் மாடி. பையன் அதை அடித்தபோது மாடி சிஸ்டம் தனக்குள்ளேயே தேடிப் பார்த்தது. அங்கே பில்லிங் ஓடவில்லை, கைவிரித்துவிட்டது. விண்டோஸோ லினக்ஸோ, 127-இல் தொடங்கும் முகவரியைக் கண்டால் வைஃபை பக்கமே அனுப்பாமல் உள்ளுக்குள்ளேயே திருப்பிவிடும். லூப்பேக் என்பது இதுதான். நெட்டைத் துண்டித்துவிட்டுப் பாருங்கள், கல்லாவில் அந்தப் பக்கம் அப்போதும் திறக்கும். 127 முகவரி எதுவும் கணினிக்கு வெளியே தென்படவே கூடாது என்கிறது 1989-இல் வந்த ஆர்.எஃப்.சி. 1122 என்ற இன்டர்நெட் விதி ஆவணம். இதற்கென்று ஒதுக்கியிருப்பது சுமார் 1.68 கோடி முகவரிகள். ஐபி பஞ்சம் என்று சொல்லி ஸ்டாட்டிக் ஐபிக்கு வருடா வருடம் காசு வாங்குகிறார்கள். இங்கே ஒன்றரைக் கோடிக்கு மேல் சும்மா கிடக்கிறது. அது போகட்டும்.

கல்லா சிஸ்டத்தில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடியுங்கள். ‘ஐபிவி4 அட்ரஸ்’ வரியில் பெரும்பாலும் 192.168-இல் தொடங்கும் எண் இருக்கும். 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம். மாடியில் 192.168.1.20:8080 என்று அடிக்க வேண்டும். வரவில்லையா? சாஃப்ட்வேர் 127.0.0.1-க்கு மட்டும் காது கொடுத்துக்கொண்டிருக்கும். அதன் செட்டிங்கில் 0.0.0.0 என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். சிஸ்டத்தின் எல்லா முகவரியிலும் கேட்கும். மேனுவலில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் நீங்கள் எனக்குக் கடிதம் எழுத வேண்டி வந்திருக்காது. விற்றவர்கள் எழுத மாட்டார்கள்.

இதில் ஒரு கண்கட்டு உண்டு. சர்வீஸ்காரர் கல்லாவிலேயே உட்கார்ந்து 192.168.1.20:8080 அடித்துக் காட்டி, “பாருங்க சார், இங்க வருது, உங்க நெட்தான் சரியில்லை” என்பார். நம்பாதீர்கள். அது 127 இல்லையே, வெளியே போய்த்தானே திரும்பும் என்று தோன்றும். போகாது. அந்த எண் தன்னுடையதுதான் என்று ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குத் தெரியும். 127-ஐப் போலவே அதையும் உள்ளேயே திருப்பிவிடும். ரௌட்டருக்குத் தகவலே போகாது. 192.168-க்கும் சாஃப்ட்வேர் பதில் சொல்கிறது என்பது மட்டும்தான் அதில் தெரியும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் ஃபயர்வால் வழிவிடுகிறதா என்பது தெரியாது. ஆகவே சோதனையை மாடியில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும், இல்லையென்றால் அதே வைஃபையில் உள்ள போனில். கல்லாவில் வந்து மாடியில் வரவில்லை என்றால் முதல் சந்தேகம் விண்டோஸ் ஃபயர்வால். கடை வைஃபை ‘பப்ளிக்’ என்று பதிவாகியிருக்கும். ‘பிரைவேட்’ ஆக்கி, 8080-க்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஃபயர்வாலையே மொத்தமாக அணைத்துவிட்டு “வேலை முடிஞ்சுது” என்று காசு வாங்குகிற ஆட்கள் நிறைய. அணைக்க விடாதீர்கள்.

ரௌட்டரில் போர்ட் திறப்பது, அதாவது இன்டர்நெட்டிலிருந்து உள்ளே வர வாசல் வைப்பது, அதைவிட மோசம். கல்லாவிலிருந்து மாடிக்குப் போகும் டேட்டா தெருவுக்கே இறங்குவதில்லை. அதற்காக உலகத்துக்கே கடையைத் திறந்து வைப்பானேன்? திறந்த போர்ட்டை இரவு பகலாகத் தேடும் புரோகிராம்கள் இருக்கின்றன. கணக்கு முழுவதையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். அன்றைக்கு இந்தச் சர்வீஸ்காரர் போனை எடுக்க மாட்டார்.

இன்னொன்று. கரண்ட் போய் ரௌட்டர் மறுபடி எழும்போது கல்லாவின் எண் 192.168.1.20-இலிருந்து மாறிவிடலாம். “நான் அப்பவே ஸ்டாட்டிக் ஐபி போடச் சொன்னேனே” என்று அவர் வந்து நிற்பது அப்போதுதான். ரௌட்டர் செட்டிங்கில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற இடத்தில் கல்லா சிஸ்டத்துக்கு அந்த எண்ணையே நிரந்தரமாகக் கட்டிப்போடலாம். லாகின் விவரம் பெரும்பாலும் ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். செலவு எதுவும் இல்லை.