தேரை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினால் என்ன?

கேள்வி: எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். பெங்களூருவில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேரோட்டம் பெரும்பாலும் வேலைநாளில் வந்துவிடுகிறது. ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேருக்கென்று நிலையாக ஒதுக்கிவிட்டால், வெளியூரில் இருப்பவர்கள் குடும்பத்தோடு வந்து திருவிழாவை அனுபவிக்கலாம். ஊர் வியாபாரமும் பெருகும். பழமைவாதிகளுக்குப் பயந்துதான் இதை யாரும் பேசுவதில்லையா?

பதில்: பழமைவாதிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் நாள்காட்டியைப் பார்ப்போம். 2023-இல் ஆடிப்பூரம் ஜூலை 22 அன்று, சனிக்கிழமையில் வந்தது. அந்த ஆண்டு நீங்கள் ஊருக்குப் போனீர்களா என்பதைக் கடிதத்தில் காணோம். 2024-இல் ஆகஸ்ட் 7, புதன்கிழமை. அந்த ஆண்டு உங்கள் வருத்தம் நியாயமானதே. 2025-இல் ஜூலை 28, திங்கட்கிழமை தேர் ஓடியது என்றாலும், தேரோட்டம் திருவிழாவின் ஒன்பதாம் நாள் என்பதால், அதற்கு முந்தைய சனியும் ஞாயிறும் ஏழாம், எட்டாம் திருநாள்களாகவே அமைந்தன. ஏழாம் நாள் இரவில்தான் கிருஷ்ணன் கோயிலில் சயன சேவை. ஆண்டாள் அமர்ந்திருக்க, அவள் மடியில் மணாளர் ரெங்கமன்னார் சயனித்திருக்கும் கோலத்தைக் காண்பதற்கென்றே தொலைவிலிருந்து வந்து வரிசையில் நிற்கிறார்கள். நீங்கள் கேட்கும் வார இறுதி திருவிழாவுக்குள்ளேயே இருந்திருக்கிறது. தேரை மட்டுமே திருவிழா என்று எண்ணியதால் அது உங்கள் கண்ணில் படவில்லை.

ஆடிப்பூரம் ஆண்டாளின் அவதார நட்சத்திரம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், தேரின் நாளை நகர்த்தினால் தேர் மட்டும் நகராது. ஐந்தாம் நாள் இரவின் ஐந்து கருட சேவைக்குத் திருத்தங்கலிலிருந்து அவ்வூர்ப் பெருமாளான அப்பன் வருகிறார். மலையடிவாரத்துக் காட்டழகர் கோயிலின் சுந்தரராஜப் பெருமாளும், திருவண்ணாமலை என்று உங்கள் பக்கத்தில் வழங்கும் குன்றின் ஸ்ரீனிவாசப் பெருமாளும் வருகிறார்கள். பெரியபெருமாளும் ரெங்கமன்னாரும் சேர, ஐவரும் கருட வாகனத்தில் எழுந்தருள, ஆண்டாளும் பெரியாழ்வாரும் அன்ன வாகனங்களில் உடன் வருகிறார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து வஸ்திர மரியாதை வந்து சேர்கிறது. இத்தனை கோயில்களும் தங்கள் தங்கள் ஏற்பாடுகளை நட்சத்திரத்தை வைத்தே செய்துகொள்கின்றன. உங்கள் நிறுவனத்தின் விடுமுறைப் பட்டியலை இவை எல்லாவற்றுக்கும் அனுப்பி வைப்பது எளிதன்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். தேரோட்டத்தை முன்னிட்டு விருதுநகர் மாவட்டத்துக்கு ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிக்கிறார். அதற்கு ஈடாகப் பின்னர் ஒரு சனிக்கிழமையை வேலைநாளாக்குவதும் வழக்கம். அதாவது, உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளும் அரசு ஊழியர்களும் தங்கள் வார விடுமுறையில் ஒரு நாளைக் கொடுத்துத்தான் தேர் நாளை வாங்குகிறார்கள். வங்கி விடுமுறைகளுக்கு அடிப்படையான 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் இந்த விடுமுறை வராது என்பதால் வங்கிகளுக்கு அது பொருந்தாது. ரதவீதியில் வடம் பிடிக்க விரும்பும் வங்கிக் காசாளர் உங்களைப் போலவே விடுப்பு எழுதிக் கொடுத்தாக வேண்டும். அவர் எனக்குக் கடிதம் எழுதவில்லை.

திருவிழா நாள் மாறவே கூடாது என்று நான் வாதாட வரவில்லை. மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தையும் தேரையும் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு இணைத்தவர் திருமலை நாயக்கர் என்பது மதுரையின் நெடுநாள் வழக்கு. அறுவடை முடிந்து உழவர்கள் ஓய்ந்திருக்கும் காலம் என்பதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. நம் காலத்திலேயே, ஜெர்மனியில் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலின் தேர் ஞாயிற்றுக்கிழமையில்தான் ஓடுகிறது. அங்கே வடம் பிடிக்கும் ஈழத்தமிழர் அனைவருக்கும் ஓய்வுநாள் அதுதான் என்பதால் அது சரியான முடிவு என்பதே என் கருத்து. இந்த இரண்டிலும் நாளை மாற்றியது தேரை இழுப்பவர்களின் வசதிக்காக. உங்கள் யோசனை பார்க்க வருபவர்களின் வசதிக்காக. அதை இதோடு சேர்த்து எண்ண என்னால் இயலவில்லை.

வியாபாரம் பெருகும் என்கிறீர்கள். ஆடி மாதம் குற்றாலத்தில் சாரல் காலம். மதுரையிலிருந்து ராஜபாளையம் வழியாகத் தென்காசி செல்லும் சாலை உங்கள் ஊரைத் தொட்டுத்தான் போகிறது. சனி, ஞாயிறுகளில் அந்தச் சாலையில் வேன்களும் கார்களும் எப்படி வரிசை கட்டுகின்றன என்பதையும், பால்கோவா கடைகளின் முன் வண்டியை நிறுத்த இடம் தேடுவோர் படும் பாட்டையும் நீங்கள் அறியாதவர் அல்லர். ஏற்கெனவே நிரம்பி வழியும் அந்த ஞாயிற்றுக்கிழமையின் தலையில் தமிழகத்தின் பெரிய தேர்களில் ஒன்றையும் ஏற்றி வைத்தால், கடைக்காரருக்குக் கூடுதலாகக் கிடைக்கப்போவது வியாபாரமா, தலைவலியா என்பதை அவரிடமே கேட்டுப் பாருங்கள். சாதாரணப் புதன்கிழமை ஒன்று கடைத்தெருவுக்குத் திருநாளாக மாறுவதுதான் அவருக்கு லாபம்.

மரச் சக்கரங்கள் இருந்த காலத்தில் இந்தத் தேர் நிலைக்கு வந்து சேரப் பல நாள்கள் ஆகும். நீங்கள் எந்த ஞாயிற்றுக்கிழமை வந்திறங்கினாலும் தேர் ஏதோ ஒரு வீதியில் உங்களுக்காகக் காத்து நின்றிருக்கும். இரும்புச் சக்கரங்கள் பொருத்தப்பட்ட பிறகு அன்றன்றே நிலைக்கு வந்துவிடுகிறது. விரைவை விரும்பும் தொழிலில் இருக்கும் நீங்கள் இதைக் குறையாகச் சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

புதிய பஞ்சாங்கம் சித்திரைக்கு முன்பே கடைகளுக்கு வந்துவிடுகிறது. ஆடிப்பூரம் எந்தக் கிழமை என்பது மூன்று மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். கொடியேற்றத்திலிருந்து தேர் வரையிலான ஒன்பது நாள்களுக்குள் ஒரு சனியும் ஒரு ஞாயிறும் எந்த ஆண்டிலும் வந்தே தீரும். திருவிழாவை அனுபவிக்க வேண்டுமானால் அந்த இரண்டு நாள்களில் பிள்ளைகளோடு வாருங்கள். வடம் பிடிக்க வேண்டுமானால் மட்டும் விடுப்பு கேளுங்கள்.