ஓடுபாதை காலி, விமானம் மட்டும் நிற்கிறதே?

கேள்வி: ஐயா, பினாங்கில் இருக்கும் மகளைப் பார்க்க அடிக்கடி சுபாங் விமான நிலையத்திலிருந்துதான் போகிறேன். போன வாரம் சாயங்காலம் எல்லாரும் ஏறி, கதவையும் சாத்தியபிறகு அரைமணி நேரம் விமானம் நகரவே இல்லை. தெற்கே மின்னல். ஓடுபாதையில் ஒரு விமானமும் இல்லை. 'கிளியரன்ஸ் (புறப்பட அனுமதி) வரவில்லை' என்றார் விமானி. காலியாகத்தானே இருக்கிறது, அப்புறம் என்ன?
(வாசகி, கிள்ளான்)

பதில்: அம்மா, ஓடுபாதை காலியாக இருந்திருக்கும். மேலே ஏறியபின் போகவேண்டிய வழியில்தான் இடம் கிடைத்திருக்காது.

சுபாங்குக்கும் சிப்பாங்கில் உள்ள கேஎல்ஐஏ என்ற கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 45 கிலோமீட்டர். இறங்க வரும் ஜெட்டுக்கு அது ஆறேழு நிமிடம். இரண்டு இடத்திலும் ஓடுபாதைகள் வடமேற்கு, தென்கிழக்காகவே கிடக்கின்றன. கேஎல்ஐஏ ஓடுபாதையை வடக்கே நீட்டிப் பார்த்தால் அந்தக் கோடு சுபாங்குக்குப் பக்கத்தில் போகும். தென்கிழக்குக் காற்றடித்தால் கேஎல்ஐஏவுக்கு வடக்கிலிருந்து இறங்குபவை அந்தப் பக்கமாக வரும். சுபாங்கில் கிளம்புவதும் அதே காற்றை எதிர்த்துத் தெற்கே எழும்ப வேண்டும். ரேடாரில் இரண்டுக்கும் இடையே பக்கவாட்டில் 3 கடல் மைல், இல்லாவிட்டால் உயரத்தில் 1,000 அடி இருந்தே ஆகவேண்டும். அதனால் ஓடுபாதையைக் கவனிக்கும் டவர் நினைத்தவுடன் விமானத்தை விட்டுவிட முடியாது. சுற்றியுள்ள வானத்தில் வருவதையும் போவதையும் வழிநடத்தும் அப்ரோச் பிரிவிடம் 'ரிலீஸ்', அதாவது இப்போது அனுப்பலாம் என்ற ஒப்புதல், வாங்க வேண்டும்.

நான் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலையில் இருந்தபோது, ரிலீஸுக்குக் காத்திருக்கும் விமானத்தின் விவரம் எழுதிய தாள் சீட்டைப் பலகையில் கொஞ்சம் சாய்த்து வைப்போம், கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று. இடிமழை வந்தால் அப்படிச் சாய்ந்த சீட்டுகள் கூடிக்கொண்டே போகும். மேகத்தைச் சுற்றிப்போக எல்லா விமானிகளும் கேட்பார்கள். இரு விமான நிலையங்களுக்கும் மிஞ்சுவது ஒரே சந்துதான். சுபாங் விமானம் ஒன்றை நுழைக்க, கேஎல்ஐஏ வரிசையில் கூடுதல் இடைவெளி விடவேண்டும். அங்கே ஒரு தரையிறக்கம் தள்ளிப்போகும்.

ஆக, கேஎல்ஐஏவில் மூன்று, சுபாங்கில் ஒன்று, மொத்தம் நான்கு ஓடுபாதைக்கான விமானம் ஓட்டலாம் என்ற கணக்கு வானத்தில் செல்லாது. நியூயார்க்கில் கென்னடி, லகார்டியா, நுவார்க் மூன்றுக்கும் இதே தொல்லை. ஒன்றில் இறங்கும் திசை மாறினால் பக்கத்து நிலையமும் தன் வழியை மாற்றவேண்டி வரும். 2024 ஆகஸ்டில் சுபாங்கில் ஜெட் விமானச் சேவை மறுபடி தொடங்கியது நல்ல காரியம், கிள்ளான்காரர்களுக்கு எவ்வளவு வசதி! ஆனால் ஒரு மணிக்கு எத்தனை விமானம் என்பதை இரண்டு நிலையங்களுக்கும் சேர்த்தே முடிவு செய்யவேண்டும். இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

நீங்கள் காலை விமானமாகப் பார்த்து எடுங்கள், முக்கியமாக இடிமழை மிகும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில். கிள்ளான் பள்ளத்தாக்கில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் கட்டும்.