மாடியைத் தூக்கிப் பாருங்கள்: லெகோ மாடுலர் கட்டடங்கள், கேள்வி பதில்

லெகோவின் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம் செட்டை (எண் 10326, 4014 துண்டுகள்) போன மாதம் கட்டி முடித்தேன். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. படத்தைப் பார்த்த நண்பர்கள் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கு என் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

அண்ணா, எனக்கு இது புதுசு. மாடுலர் என்றால் என்ன? சாதாரண லெகோ வீட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண லெகோ வீடு பெரும்பாலும் பின்பக்கம் திறந்திருக்கும். குழந்தை கையை விட்டு விளையாட வசதி. மாடுலர் கட்டடத்துக்கு நாலு பக்கமும் சுவர் உண்டு. உள்ளே பார்க்க வேண்டுமென்றால் மேல்தளத்தை அப்படியே தூக்கி எடுத்து வைக்க வேண்டும். தளத்தின் மேல் விளிம்பு முழுக்க டைல் என்ற வழுவழுப்பான துண்டுகளைப் போட்டு, அங்கங்கே சில ஸ்டட் (துண்டின் மேலுள்ள வட்டப் புடைப்பு) மட்டும் விட்டிருப்பார்கள். அந்தச் சில ஸ்டட்தான் மேல்தளத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் ஒரே கையால் தூக்க முடிகிறது.

அடித்தளம் (பேஸ்பிளேட்) 32க்கு 32 ஸ்டட், அதாவது ஏறக்குறைய 25.6 செ.மீ. சதுரம். பக்கவாட்டில் டெக்னிக் பிரிக் எனப்படும் துளையுள்ள துண்டு இருக்கும். இரண்டு கட்டடங்களைப் பக்கத்தில் வைத்து ஒரு பின்னை, அதாவது சிறு இணைப்புக் குச்சியைச் செருகினால் தெருவாகிவிடும். இந்த ஏற்பாடு 2007இல் கஃபே கார்னர் செட்டோடு தொடங்கியது. அதன் வடிவமைப்பாளர் ஜேமி பெரார்ட். அதே ஆண்டு வந்த மார்க்கெட் ஸ்ட்ரீட்டை வடிவமைத்தவர் எரிக் புரோக் என்ற நெதர்லாந்து ரசிகர். தொடரின் இரண்டாவது கட்டடமே ஒரு ரசிகரின் கையிலிருந்து வந்தது என்பது எனக்கு இன்றும் சந்தோஷம் தரும் விஷயம்.

சரி, மியூசியம் எப்படி இருக்கிறது? வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் உங்கள் முதல் மாடுலராக வேண்டாம்.

முதலில் பிடித்ததைச் சொல்கிறேன். அகலம் 48 ஸ்டட், 2017இல் வந்த அசெம்பிளி ஸ்கொயர் மாதிரி. அசெம்பிளி ஸ்கொயரில் அந்த அகலத்தை மூன்று கட்டடங்கள் பங்கு போட்டுக்கொள்ளும். இங்கே அது முழுக்க ஒரே கட்டடம். தெருவில் வைத்தால் பக்கத்துக் கடைகளெல்லாம் ஒதுங்கி நிற்பது போலத் தெரிகிறது, ஒரு நகரத்தில் பொதுக் கட்டடம் நிற்கும் மாதிரியே. இவ்வளவு பெரிய முகப்புக்கு ஆலிவ் பச்சையைத் தேர்ந்தெடுத்தது துணிச்சல். பெட்டிப் படத்தில் மந்தமாகத் தெரிந்த நிறம், மாலை வெளிச்சத்தில் கல் கட்டடம் போலவே இருக்கிறது.

உள்ளே பிராக்கியோசரஸ் எலும்புக்கூடு. கீழ்த்தளத்தில் கால் ஊன்றி, மேல்தளத்தின் நடுத் திறப்பு வழியாகக் கழுத்தை நீட்டுகிறது. இரண்டு தளங்களையும் ஒரே பொருளால் இணைத்திருக்கிறார்கள். தளம் தளமாகப் பிரிய வேண்டிய கட்டடத்தில் இப்படி யோசிப்பது எளிதல்ல. நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

இனி குறை. முகப்பு இடமும் வலமும் ஒரே மாதிரி. இடப்பக்கம் கட்டியதையே திரும்ப வலப்பக்கம் கட்ட வேண்டும். தூண்களும் ஜன்னல்களும் மூன்றாவது முறை வரும்போது கை தானாக வேலை செய்கிறது, மனம் எங்கோ போய்விடுகிறது. நடுவில் திறப்பு விட்டதால் மேல்தளத்தில் சுற்றி நடக்க மட்டுமே இடம். 2023 ஜனவரியில் வந்த ஜாஸ் கிளப்பை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2899 துண்டுகள்தான், ஆனால் மேடை, பக்கத்தில் பீட்சா கடை, மாடியில் தையல்காரர், மொட்டைமாடியில் கண்ணாடித் தோட்டம் என்று ஒவ்வொரு தளத்தையும் தூக்கும்போது ஒரு புது வாழ்க்கை தெரியும். முதல் செட்டாக ஒன்று வாங்கப்போகிறீர்கள் என்றால் அந்த மாதிரி ஒன்றைத் தேடுங்கள்.

ஒரு துண்டுக்கு எவ்வளவு விலை என்று கணக்குப் போட்டுத்தானே செட்டை மதிப்பிட வேண்டும்?

நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் பார்த்தேன். இப்போது அந்தக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டேன். வெளிவந்தபோது இருந்த அமெரிக்க விலையில் கஃபே கார்னர் 139.99 டாலர், 2056 துண்டு. மியூசியம் 299.99 டாலர், 4014 துண்டு. இரண்டிலும் ஒரு துண்டு ஏழு சென்ட்டைச் சுற்றித்தான் வருகிறது. நடுவில் 16 ஆண்டுகள் போயிருக்கின்றன. இந்த எண்ணிலிருந்து கட்டடத்தைப் பற்றி என்ன தெரிந்தது? நகத்தளவு டைலும் ஒரு துண்டுதான், உள்ளங்கையை மறைக்கும் பேஸ்பிளேட்டும் ஒரு துண்டுதான்.

நான் விமர்சனம் எழுதும்போது பார்ப்பது வேறு. மாடியைத் தூக்கியதும் கண்ணில் என்ன படுகிறது? மேஜை நாற்காலி போட்டு இடத்தை நிரப்பியிருக்கிறார்களா, அங்கே ஒருவர் வாழ்கிறார், வேலை செய்கிறார் என்று தெரிகிறதா? கட்டும்போது எத்தனை முறை கை நின்று, "ஓ, இதை இப்படியும் மாட்டலாமா!" என்று தோன்றியது? படிக்கட்டில் ஒரு மினிஃபிகரை (லெகோவின் குட்டி மனிதப் பொம்மை) உண்மையிலேயே நிற்க வைக்க முடிகிறதா? செட்டை முழுசாகக் கட்டாமல் இவற்றுக்குப் பதில் சொல்ல முடியாது. பெட்டியைத் திறந்த அன்றே எழுதப்படும் விமர்சனத்தை நான் நம்புவதில்லை.

சுவரில் சில துண்டுகளைப் பக்கவாட்டில் மாட்டியிருக்கிறார்களே, அளவு எப்படிப் பொருந்துகிறது? நான் சொந்தமாகச் செய்தால் இடைவெளி விழுகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. இதற்குப் பெயரே உண்டு, ஸ்னாட் என்பார்கள். ஸ்டட் மேலே பார்க்காமல் வேறு பக்கம் பார்க்கும்படி கட்டுவது.

மூன்று அளவுகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒரு ஸ்டட்டுக்கும் அடுத்த ஸ்டட்டுக்கும் 8 மி.மீ. ஒரு பிரிக்கின் (செங்கல் மாதிரித் துண்டு) உயரம் 9.6 மி.மீ. ஒரு பிளேட்டின் (தட்டையான துண்டு) உயரம் 3.2 மி.மீ. மூன்று பிளேட் சேர்ந்தால் ஒரு பிரிக் என்பது எல்லோருக்கும் தெரியும். ஐந்து பிளேட் சேர்ந்தால் 16 மி.மீ. ஆகிறது, அது சரியாக இரண்டு ஸ்டட் அகலம். இதுதான் சூட்சுமம். ஐந்து பிளேட்டை அடுக்கிப் படுக்க வைத்தால் இரண்டு ஸ்டட் இடத்தில் துளி இடைவெளியில்லாமல் உட்காரும்.

உங்களுக்கு இடைவெளி விழுகிறதென்றால் பெரும்பாலும் நாலு பிளேட்டோ ஆறு பிளேட்டோ வைத்திருப்பீர்கள். எண்ணிப் பாருங்கள். முகப்பில் வரும் அலங்காரப் பட்டைகள், கடைப் பலகைகள், ஜன்னல் விளிம்புகள் எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது இந்த ஐந்துக்கு இரண்டு கணக்குதான்.

கஃபே கார்னரில் மூலைக் கதவு 45 பாகையில் சாய்ந்து நிற்கிறதே? ஸ்டட் எல்லாம் சதுரக் கட்டத்தில் இருக்கும்போது அது எப்படி நடக்கும்?

பள்ளிக்கூடத்தில் படித்த கர்ணம் ஞாபகம் இருக்கிறதா? அதுதான் இங்கே வேலை செய்கிறது.

முதலில் எளிதான சாய்வு. 3, 4, 5 பக்கங்களுள்ள செங்கோண முக்கோணம் முழு எண்களிலேயே முடிவதால் லெகோ கட்டத்தில் அப்படியே பொருந்தும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இவை இடைவெளிகளின் எண்ணிக்கை, ஸ்டட்டுகளின் எண்ணிக்கை அல்ல. நாலு ஸ்டட்டுக்கு நடுவில் மூன்று இடைவெளி. ஆகவே நீங்கள் எடுக்க வேண்டியது 4, 5, 6 ஸ்டட் நீளமுள்ள பிளேட்டுகள். இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் ஒரு மாலை முழுவதும் போராடியிருக்கிறேன்.

45 பாகை அப்படி முழு எண்ணில் முடியாது. ஆனால் 5க்கு 5 எடுத்தால் கர்ணம் 7.07. ஏழு என்று வைத்துக்கொண்டால் விலகல் அரை மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் அதிகம், கீல் துண்டின் நெகிழ்விலேயே அது அடங்கிவிடும். 12க்கு 12 எடுத்தால் 16.97, விலகல் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. சாய்ந்த சுவரை இப்படிப்பட்ட எண்களில் மட்டும் மாட்டுங்கள். இறுக்கிப் பொருத்தினால் இன்று நிற்கும், சில மாதத்தில் துண்டு வெளுத்து வளையும்.

எல்லாப் பைகளையும் ஒன்றாகக் கொட்டிக் கட்டலாமா?

வேண்டாம். பையில் போட்டிருக்கும் எண் வரிசைப்படியே திறங்கள். துண்டு குறைவதாகத் தோன்றினால் முதலில் காலிப் பையின் மூலையைத் தடவிப் பாருங்கள்.

சார், என் மகளுக்கு 9 வயது. பெட்டியில் 18+ என்று போட்டிருக்கிறது. அவள் கட்டலாமா?

தாராளமாகக் கட்டலாம் அம்மா. அந்த எண் பெரியவர்களுக்கான செட் என்பதைக் காட்டத்தான். பிரச்சினை வயதில் இல்லை, பொறுமையில் இருக்கிறது. நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். அறைக்குள் வரும் சாமான்களை, அதாவது அடுப்பு, பியானோ, அலமாரி போன்றவற்றை, அவளிடம் கொடுங்கள். தரையில் டைல் ஒட்டுவதையும் சுவர் எழுப்புவதையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பை போதும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மட்டும் சிறு துண்டுகளைத் தரையில் விடாதீர்கள்.

சென்னையில் தூசி தாங்கவில்லை. எப்படிச் சுத்தம் செய்வது?

வாரம் ஒருமுறை மெல்லிய மேக்கப் பிரஷ். வருடம் ஒருமுறை தளங்களைப் பிரித்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவலாம், ஸ்டிக்கர் ஒட்டிய துண்டுகளை எடுத்து வைத்துவிட்டு. தண்ணீர் 40 பாகை செல்சியஸைத் தாண்டக் கூடாது. வெயிலில் காயவைக்காதீர்கள், மின்விசிறிக் காற்றே போதும். ஜன்னலோர அலமாரியில் வைத்தால் வெள்ளைத் துண்டுகள் மஞ்சளாகும். அதைத் தூசியைப் போலத் துடைத்து எடுக்க முடியாது.

பழைய செட் ஒன்று செகண்ட் ஹேண்டில் வருகிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கட்டிய நிலையில் அல்லாமல், பிரித்த துண்டுகளின் படத்தைக் கேளுங்கள். பழைய செட்டுகளில் செம்பழுப்பு, அடர் சிவப்புத் துண்டுகள் உடையக்கூடியவை என்பது சேகரிப்பவர்கள் எல்லோரும் அறிந்தது. அவற்றில் கீறல் இருக்கிறதா பாருங்கள். ஓரிரு துண்டு இல்லையென்றால் பிரிக்லிங்க் என்ற இணையச் சந்தையில் தனித்தனியாக வாங்கிக்கொள்ளலாம். விலை ஏறும் என்று பிரிக்காமல் வாங்கி வைக்கும் யோசனை இருந்தால் என்னிடம் கேட்காதீர்கள். கட்டாமல் வைத்திருக்கும் பெட்டியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அண்ணா, காரைக்குடியில் என் ஆச்சி வீட்டை மாடுலராகக் கட்ட ஆசை. 32க்கு 32இல் அடங்குமா?

முழு வீடு அடங்காது தம்பி. மினிஃபிகரின் உயரம் 4 செ.மீ. அதை ஓர் ஆளாக வைத்துக்கொண்டால் அளவு ஏறக்குறைய 42இல் 1 பங்கு. அந்தக் கணக்கில் ஒரு பேஸ்பிளேட் 35 அடிதான். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். திண்ணை, முகப்பு, முதல் முற்றம், இதோடு நிறுத்துங்கள். முற்றத்துக்கு 10க்கு 10 ஸ்டட் விட்டால் உண்மையில் 11 அடிச் சதுரம் வரும்.

பிரிக்லிங்க்கின் ஸ்டூடியோ மென்பொருள் இலவசம், முதலில் அதில் வரைந்து பாருங்கள். ஓட்டுக்கூரையைத் தனியாகத் தூக்கும்படி வையுங்கள். துண்டு வாங்கும் முன் ஆச்சியிடம் ஒன்று கேட்டு வாருங்கள்: முற்றத்தில் எந்தத் தூணோரம் உட்கார்ந்து அரிசி புடைப்பார்கள்? அந்தத் தூணை முதலில் நடுங்கள், மீதியை அதிலிருந்து அளந்துகொண்டு போகலாம்.