உச்சி வெயில் டிரையத்லானுக்கு எந்த நிற சூட்?

கேள்வி: இன்னும் ஆறு வாரத்தில் எனக்கு ஓர் அரைத் தூர டிரையத்லான்: நீச்சல், பிறகு 90 கி.மீ. சைக்கிள், கடைசியில் 21.1 கி.மீ. ஓட்டம். ஓட்டம் நிழலே இல்லாத சாலையில், நடுப்பகலில் வருகிறது. என்னிடம் இருப்பது முழுக் கறுப்பு, அரைக்கை டிரை சூட், அதாவது மூன்றுக்கும் சேர்த்து அணியும் உடலொட்டிய உடை. அளவும், சைக்கிள் இருக்கைக்காக உள்ளே தைத்திருக்கும் மெத்தையான பேடும் உடம்புக்கு நன்றாகப் பழகிவிட்டன. கூடப் பயிற்சி செய்பவர்கள், 'கறுப்பில் வெந்துபோவாய், வெள்ளை வாங்கு' என்கிறார்கள். வெள்ளை நனைந்தால் உள்ளே தெரியுமே என்று எனக்குத் தயக்கம். நிறம் உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?

பதில்: முக்கியம்தான், ஆனால் சூட் முழுவதற்கும் இல்லை. தோளும் மேல்முதுகும் வெளிர் நிறம், இடுப்புக்குக் கீழே அடர் நிறம் என்று இருக்கும் சூட்தான் உங்கள் போட்டிக்கு ஏற்றது. முழு வெள்ளையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. முழுக் கறுப்பும் நண்பர்கள் பயமுறுத்தும் அளவுக்கு மோசமில்லை.

முதலில் எவ்வளவு வெப்பத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்துவிடலாம். தெளிந்த வானத்தில் நடுப்பகல் வெயில், சூரியனை நேராகப் பார்க்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 1,000 வாட் கொட்டுகிறது. உங்கள் சூட்டில் அப்படி வெயில் நேராக விழும் பகுதி கால் சதுர மீட்டருக்கு மேல் இருக்காது. ஆக, சூட்டின்மேல் விழுவது 250 வாட்டுக்குள். கறுப்பு அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளை ஏறக்குறைய பாதியைத் திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் வித்தியாசம் கணக்கில் 100 வாட் வரை வரலாம். ஆனால் உறிஞ்சிய வெப்பம் முழுவதும் தோலுக்கு வந்து சேராது. காற்று கொஞ்சம் அடித்துக்கொண்டு போகும், துணியிலிருந்து ஆவியாகும் ஈரமும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

இதை உங்கள் உடம்பே உண்டாக்கும் வெப்பத்தோடு வைத்துப் பாருங்கள். தசை செலவழிக்கும் ஆற்றலில் கால் பங்கோ அதற்கும் குறைவாகவோதான் பெடலுக்குப் போகிறது, மீதி சூடாகிவிடுகிறது. பெடலில் 200 வாட் கொடுக்கிறீர்கள் என்றால் உடம்பு வெளியேற்ற வேண்டிய வெப்பம் 600 முதல் 800 வாட். அதற்குப் பக்கத்தில் சூட்டின் நிறம் கூட்டும் சுமை சிறியது. சிறியது என்பதால் ஒதுக்கிவிடலாமா என்பது அன்றைய காற்றின் ஈரப்பதத்தைப் பொறுத்தது.

ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் போகும். நிறத்தால் கூடுதலாக 50 வாட் தோலுக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 75 மில்லி வியர்வை அதிகமாக ஆவியானால் சரியாகிவிடும். வறண்ட வெயிலில் இது பெரிய விஷயமே இல்லை, இரண்டு மூன்று மிடறு தண்ணீர் கூடக் குடித்தால் முடிந்தது. புழுக்கமான நாளில் கதையே வேறு. அன்று வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டுதான் இருக்கும், உடம்பு ஏற்கெனவே தன் எல்லையில் நிற்கும். அந்த நிலையில் வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு வாட்டும் உள்வெப்பத்தில்தான் போய்ச் சேரும். அதனால் கடலோரத்தில், புழுக்கத்தில், மேகமில்லாமல் வெயில் அடிக்கும் போட்டி என்றால் நிறத்தை நான் தீவிரமாக எடுத்துக்கொள்வேன். போட்டிகளில் வெப்ப ஆபத்தை அளக்கும் டபிள்யூ.பி.ஜி.டி. குறியீடும் இதே எண்ணத்தில்தான் அமைந்திருக்கிறது. அதில் ஈரப்பதத்தைக் காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு 70 சதவீதம், வெயிலைக் காட்டும் கறுப்புக் கோள வெப்பமானிக்கு 20 சதவீதம், வெறும் காற்றின் வெப்பநிலைக்கு 10 சதவீதம்தான்.

'பாலைவனத்தில் கறுப்பு அங்கி போடுகிறார்களே' என்று யாராவது கேட்கக்கூடும். நல்ல கேள்வி. 1980-ல் நேச்சர் இதழில் இதைப் பற்றியே ஓர் ஆய்வு வந்தது. பெடூயின் மக்களின் கறுப்பு அங்கி வெள்ளை அங்கியைவிட அதிகமாகச் சூடாகிறது, ஆனாலும் தோலுக்கு வரும் வெப்பம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கிறது என்பது அதன் முடிவு. காரணம், அங்கி தொளதொளவென்று இருக்கிறது. துணிக்கும் உடம்புக்கும் நடுவில் காற்று ஓடி, வெப்பத்தை வெளியே கொண்டுபோய்விடுகிறது. டிரை சூட்டில் அந்த இடைவெளியே கிடையாது. துணி தோலோடு ஒட்டியிருப்பதால் துணிக்கு ஏறிய சூடு நேராக உங்களுக்குத்தான்.

அடுத்து, வெயில் எங்கே விழுகிறது என்பது. பெரும்பாலோர் கடையில் சூட்டின் முன்பக்கத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். ஏரோ பாரில் (முன்கைகளை ஊன்றிக்கொள்ளும் சைக்கிள் கைப்பிடி) குனிந்து 90 கி.மீ. போகும்போது நெஞ்சு நிழலில் இருக்கிறது. வெயில் முழுக்க வாங்குவது மேல்முதுகும் தோளும். தொடையின் மேற்புறமும் வாங்கும், ஆனால் அது ஓயாமல் அசைந்து காற்றை வாங்கிக்கொண்டிருக்கிறது. சைக்கிளில் மணிக்கு 30 கி.மீ.க்கு மேல் போகும்போது எதிர்க்காற்றே பாதி வேலையைப் பார்த்துவிடும். ஓட்டத்தில் அந்தக் காற்று கிடையாது. சூரியன் உச்சியில், நீங்கள் 10 அல்லது 12 கி.மீ. வேகத்தில், பின்னாலிருந்து காற்று வேறு வீசினால் உங்களைச் சுற்றிக் காற்று அசையாமல் நிற்பதுபோல இருக்கும். அந்த 21.1 கி.மீ.யில் தோளும் மேல்முதுகும் என்ன நிறம் என்பதுதான் உங்கள் கேள்வியின் உயிர். சில சூட்டுகளில் முன்னால் வெள்ளை, முதுகில் கறுப்பு வலைத்துணி என்று இருக்கும். படத்தில் அழகாக இருந்தாலும் நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர் அது.

வெளிர் நிறம் என்றால் வெள்ளை மட்டும் இல்லை. இளம் சாம்பல், வெளிர் நீலம், இள மஞ்சள் எல்லாமே வேலை செய்யும். சூரிய ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் இருக்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஒரே கறுப்பாகத் தெரியும் இரண்டு துணிகளில் சாயத்தைப் பொறுத்து ஒன்று அதிகமாகச் சூடாகும், ஒன்று குறைவாக. சுவிட்சர்லாந்தின் ஷோலர் நிறுவனத்தின் 'கோல்ட்பிளாக்' போன்ற பூச்சுகள் அடர் நிறத் துணி அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும்படி செய்பவை. அவை பயன்தரும், ஆனால் அடர் நிறத்தை வெள்ளையாக்கிவிடாது. உங்கள் கறுப்பு சூட் எந்த ரகம் என்று தெரிய வேண்டுமா? உச்சி வெயிலில் அதையும் ஒரு வெளிர் நிற விளையாட்டுச் சட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் பத்து நிமிடம் விரித்துவையுங்கள். பிறகு இரண்டின்மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் போதும்.

இனி உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். அது நியாயமானது. மெல்லிய வெள்ளைத் துணி நனைந்தால் ஒளி அதை எளிதாக ஊடுருவும், அதனால்தான் உள்ளே தெரிகிறது. 2021 ஜூலையில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற நார்வே வீரர் கிறிஸ்டியான் ப்ளும்மென்ஃபெல்ட்டின் வெளிர் நிற சூட் நனைந்து ஏறக்குறையக் கண்ணாடியாகிவிட்டதைப் போட்டியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவருக்கு அது பொருட்டில்லை, உங்களுக்குப் பொருட்டாக இருக்கலாம். நீர் சூடாக இருந்து வெட்சூட் (தடித்த ரப்பர் நீச்சல் உடை) அனுமதி இல்லாத போட்டியில், நீச்சல் முடிந்து, சூட்டுக்கு மேல் போட்டிருக்கும் மெல்லிய நீச்சல் உடையான ஸ்விம்ஸ்கின்னைக் கழற்றும் அந்த நிமிடமே சூட் தொப்பலாக நனைந்திருக்கும். ஓட்டத்தில் தலைக்கு ஊற்றும் தண்ணீரால் மறுபடியும் நனையும்.

மானத்தைவிட முக்கியமான விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. ஒளி உள்ளே வருகிறது என்றால் புற ஊதாக்கதிரும் வருகிறது. துணியின் புற ஊதாக் காப்பைக் குறிக்கும் யு.பி.எஃப். அளவீட்டில் 50 என்று முத்திரை இருக்கும் துணி ஐம்பதில் ஒரு பங்கு புற ஊதாக்கதிரை மட்டுமே உள்ளே விடும். பெரும்பாலும் அந்த அளவீடு உலர்ந்த, இழுக்காத துணிக்கானது. நனைந்து, இழுபட்டு, மெல்லியதாக இருக்கும் வெள்ளைத் துணி அந்த அளவுக்குக் காப்பாற்றாது. இந்த ஒரு விஷயத்தில் கறுப்பு பொதுவாக வெள்ளையைவிட நல்லது. வெயிலில் வெந்த தோல் சரியாக வியர்க்காது என்பதால், முதுகு வெந்தால் குளிர்விக்கும் வசதியும் சேர்ந்து போகிறது. ஆகவே வெளிர் நிறம் எடுங்கள், ஆனால் நெருக்கமான நெசவில் எடுங்கள். தோளிலும் மேல்முதுகிலும் வலைத்துணி வேண்டாம், அக்குளுக்குக் கீழே, விலாப்பக்கம் இருக்கட்டும். சூட்டுக்கு உள்ளேயும் சன்ஸ்கிரீன் பூசிக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் துணியைச் சோதிக்கும் முறை எளிது. விரல்களை உள்ளே விட்டு, முதுகுப் பகுதியை நீங்கள் அணியும்போது இழுபடும் அளவுக்கு இழுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். விரல் இடுக்குகள் தெளிவாகத் தெரிந்தால் அந்தத் துணி வேண்டாம். வாங்கி வந்தபின் துவைக்கும் முன், குறிச்சீட்டைக் கிழிக்கும் முன், வீட்டில் ஈரக்கையால் ஓர் இடத்தை நனைத்து இதையே மறுபடியும் செய்து பாருங்கள். திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தால் அப்போதே கொடுத்துவிடலாம்.

இடுப்புக்குக் கீழே ஏன் அடர் நிறம் என்பதை அதிகம் விளக்கத் தேவையில்லை. பேடின் விளிம்பு தெரியாது, செயின் எண்ணெய் தெரியாது, நீண்ட போட்டியில் சைக்கிளிலேயே சிறுநீர் கழிப்பவர்களுக்கும் அது தெரியாது. ஒன்று மட்டும் கவனியுங்கள். அச்சிட்டு நிறமேற்றிய சூட்டுகளில் அடித்துணி வெள்ளை, நிறம் மேற்பரப்பில்தான் இருக்கும். உட்புறத்தைத் திருப்பினால் வெள்ளையாகத் தெரியும். அந்த வகையில் பின்பகுதியும் தொடையும் இழுபடும்போது கறுப்பு வெளிறி, உள்வெள்ளை எட்டிப்பார்க்கும். நூலிலேயே, துணி முழுக்கச் சாயம் ஏறிய கீழ்ப்பகுதியாகப் பார்த்து எடுங்கள். பெண்கள் வெளிர் மேல்பகுதிக்கு உள்ளே அணியும் ஸ்போர்ட்ஸ் பிரா வெள்ளையில் வேண்டாம், தங்கள் தோல் நிறத்துக்கு நெருங்கிய நிறமாக இருந்தால்தான் நனைந்தாலும் எடுத்துத் தெரியாது.

கையுள்ள சூட்டா, கையில்லாததா என்றும் கேட்கிறார்கள். நீங்கள் அரைக்கை வைத்திருக்கிறீர்கள், அதையே தொடருங்கள். வெயிலில் தோளை மூடிய வெளிர்த் துணி, திறந்த தோளைவிட நல்லது. தண்ணீர் ஊற்றினால் அந்தக் கைப்பகுதியும் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

ஆறு வாரம் இருப்பதால் மாற்றலாம். புதிய சூட் இந்த வாரமே கைக்கு வந்துவிட வேண்டும். பிறகு குறைந்தது இரண்டு நீண்ட சைக்கிள் பயிற்சியும், அதைத் தொடர்ந்து உடனே ஓடும் ஓட்டமும் அதில் செய்யுங்கள். நடுப்பகலில், நனைத்துக்கொண்டே செய்யுங்கள். பேட் உராய்ந்து புண்ணாக்குகிறதா, அக்குள் அறுக்கிறதா என்பது அங்கேதான் தெரியும். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போதும் சூட் உடம்புக்கு ஒத்துவரவில்லை என்றால், தயங்காமல் பழைய கறுப்புக்கே திரும்புங்கள். நிறத்தால் வரும் சில பத்து வாட்டை ஈடுகட்டிக்கொள்ளலாம், உள்தொடையில் தோல் உரிந்தபின் 21 கி.மீ. ஓட முடியாது.

கறுப்பிலேயே ஓட நேர்ந்தால் செய்ய வேண்டியது இதுதான்: வெள்ளைத் தொப்பி, கழுத்தை மூடும் ஈரத்துணி. தண்ணீர் கொடுக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு குவளை வாய்க்கு, ஒரு குவளை தோளுக்கும் மேல்முதுகுக்கும். பனிக்கட்டி கிடைத்தால் முன்ஜிப்பைக் கொஞ்சம் இறக்கி நெஞ்சுப்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். ஜிப்பை எவ்வளவு இறக்கலாம் என்பதில் போட்டிக்குப் போட்டி விதி மாறும், முந்தைய நாள் விளக்கக் கூட்டத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். புதிய சூட் சரியாக அமைந்தாலும் இதையெல்லாம் அப்படியே செய்யுங்கள்.