வாசகர் கேள்வி–பதில்: படித்த பக்கம் பேசத் தொடங்கிய கதை

கேள்வி: 2000 வாக்கில் நாகர்கோவில் பிரவுசிங் சென்டருக்குப் போனால் இணையத்தைப் படிக்கத்தான் முடியும். இன்று எங்கள் சந்தைப் பூ வியாபாரிகளும் பிச்சி விலையைப் படத்துடன் தாங்களே வெளியிடுகிறார்கள். இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது?
– வாசகர், தோவாளை

பதில்: உலகளாவிய வலையை (வெப்) வடிவமைத்த டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கிய முதல் உலாவியில் (பிரவுசரில்) பக்கங்களைப் படிக்கவும் முடியும், எழுதித் திருத்தவும் முடியும். பின்னர்ப் பரவிய உலாவிகளோ படிப்பதற்கு மட்டுமே வழிவிட்டதால், எழுத விரும்பியவர் இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்.டி.எம்.எல். கற்று, வழங்கியில் (சர்வரில்) இடமும் பிடிக்க வேண்டியிருந்தது. நாம் தட்டச்சு செய்வதைத் தரவுத்தளத்தில் சேர்த்துவைத்து, கேட்பவருக்குக் கேட்ட நொடியில் பக்கமாகத் தொகுத்துத் தரும் முறை பரவிய பிறகே இந்நிலை மாறியது. முன்பெல்லாம் எதைச் சொடுக்கினாலும் திரை வெளுத்து, முழுப் பக்கமும் மேலிருந்து மெல்ல இறங்கி வரும்; வேண்டிய பகுதியை மட்டும் புதுப்பிக்கும் நுட்பத்தை ஜிமெயிலும் (2004) கூகுள் மேப்ஸும் (2005) பழக்கப்படுத்தின. பயனர்களே எழுதும் இணையத்தைக் குறிக்கும் ‘வெப் 2.0’ என்ற பெயர் ஊரறிந்ததும் அக்காலத்தில்தான்.

இவை அனைத்தையும்விட, நமக்குப் பெரிதாக உதவியது, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடே என்பேன். தளத்துக்கொரு எழுத்துருவை இறக்கி நிறுவிய காலத்தில், தமிழில் ஒருவர் எழுதியது அந்த எழுத்துரு இல்லாத அடுத்தவர் கணினியில் புரியாத குறிகளாகத் தெரிந்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கி வளர்ந்ததும் யூனிகோடை நம்பித்தான்.

கேள்வி: வளைகுடாவிலிருந்து என் அண்ணன் ஆர்குட் சமூக வலைத்தளத்தில் எழுதிய ஸ்கிராப்புகளை (குறுஞ்செய்திகளை) இனிப் பார்க்க இயலுமா?
– வாசகி, கருங்கல்

பதில்: இயலாது, அம்மா. 2004 ஜனவரியில் வந்த ஆர்குட்டை 2014 செப்டம்பர் 30 அன்று கூகுள் மூடியது. நம் தரவுகளை இறக்கிக்கொள்ள 2016 செப்டம்பர் வரை அவகாசம் இருந்தது. அப்போது எடுத்துவைத்தவர்களிடம் மட்டுமே அவை மிஞ்சியிருக்கும். உங்கள் அண்ணனிடம் பழைய கணினி ஏதேனும் இருந்தால் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மார்த்தாண்டத்துச் சென்டர் ஒன்றில், வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் ஒரு தாயார் வந்து உட்கார்வதைக் கண்டிருக்கிறேன். துபாயிலிருந்த மகன் தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதுவார். கடைப் பையன் அதை வாய்விட்டுப் படித்துக் காட்டுவான். “சாப்பாடு கொள்ளாம்” (நன்றாக இருக்கிறது) என்ற வரியை அவர் மறுபடி படிக்கச் சொல்ல, பையனும் முகம் சுளிக்காமல் படித்தான்.

கேள்வி: பாட்டனார் மறைந்த செய்தியை 2013-இல் ஃபேஸ்புக்கில் இட்டபோது, உறவினர் பலர் ‘லைக்’ போட்டிருந்தனர். இது முறையா?
– வாசகர், குளச்சல்

பதில்: அவர்கள் மேல் வருத்தம் வேண்டாம். 2009 பிப்ரவரியில் ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் வந்தது; சோகம், கோபம் முதலிய குறிகள் 2016 பிப்ரவரியில்தான் உலகெங்கும் வந்தன. துஷ்டி கேட்க வந்தவர்களுக்கு அன்று அங்கே இருந்தது ஒரே பொத்தான்.