35,000 அடியில் விமானி முன்னால் 265 நாட், பயணிகள் திரையில் மணிக்கு 830 கிலோமீட்டர்: எது சரி?

இரண்டும் சரி. 265 நாட் என்பது மணிக்கு 490 கிலோமீட்டர்தான் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். அப்படியும் இரண்டும் சரி.

விமானப்படையில் கருவிப் பிரிவில் இருந்தவன் நான், இப்போது ஊட்டியில் இருக்கிறேன். விமானி முன்னால் 265 காட்டும் அந்த வேகமானி நேரடியாக வேகத்தை அளப்பதில்லை. எதிர்க்காற்று எவ்வளவு அழுத்துகிறது என்பதைத்தான் அளக்கிறது. விமானத்தின் மூக்கருகே விரல் பருமனில் நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான் பிட்டோ குழாய். தரையில் நிற்கும்போது சிவப்பு நாடா தொங்கும் உறையால் மூடி வைப்போம். விட்டால் குளவி உள்ளே மண்ணை அப்பிவிடும். அந்தக் குழாயில் மோதும் அழுத்தத்திலிருந்து சுற்றுக் காற்றின் அழுத்தத்தைக் கழித்தால் வருவதைத்தான் மானி நாட்டாகக் காட்டுகிறது. அதன் அளவுகோல் கடல்மட்டக் காற்றை வைத்துப் போட்டது.

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வருவதற்குள் உப்பிவிடும், பார்த்திருப்பீர்கள். மேலே காற்று மெலிகிறது. பஸ் அதே வேகத்தில் போனாலும், ஜன்னலோரம் முகத்தில் அறையும் காற்றுக்கு ஊட்டியில் மேட்டுப்பாளையத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு பலம் குறைவு. 40,000 அடியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் கால்வாசிதான். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அங்கே அதே அழுத்தம் வர ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் வேண்டும்.

இதை மானியின் பிழை என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. இறக்கையைத் தாங்குவதும் அதே அழுத்தம்தான். இறக்கை தூக்குசக்தியை இழக்கும் எல்லையை விமானி தெரிந்துகொள்வது இந்த எண்ணை வைத்துத்தான்.

சரி, ஏறும்போது என்ன நடக்கிறது? பொதுவாக 10,000 அடி வரை 250 நாட், அப்புறம் 300 நாட் அளவில் மானியை நிலையாக வைத்து ஏறுவார்கள். எண் நகராது, உண்மை வேகம், அதாவது காற்றினூடே விமானம் நிஜமாகப் போகும் வேகம், கூடிக்கொண்டே போகும். 28,000, 30,000 அடி வாக்கில் ஒலி வேகம் குறுக்கே வருகிறது. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போகும், விமானமோ அதை நெருங்குகிறது. இறக்கை மேல் அதிர்வலை உண்டாகி விமானம் உதறாமலிருக்க, அதன் பிறகு மாக் 0.78 (ஒலி வேகத்தில் 0.78 பங்கு) போல ஒரு மாக் எண்ணைப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள். இங்கிருந்துதான் மானி இறங்கத் தொடங்கும். 35,000 அடியில் 265 நாட் காட்டும்போது உண்மை வேகம் 450 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 830 கிலோமீட்டர்.

உங்கள் திரையில் இருப்பது தரை வேகம், அதாவது தரையைப் பொறுத்து விமானம் நகரும் வேகம். காற்று வீசாவிட்டால் அதுவும் உண்மை வேகமும் ஒன்றுதான். 50 நாட் எதிர்க்காற்று வீசினால் அதில் 90 கிலோமீட்டர் போல குறையும். விமானியின் 265 அப்படியே நிற்கும்.